விட்ட பால்

தவக்காலம் தொடங்கியதும் செசிலியம்மாள் வீட்டில் எல்லோரும் ஒருசந்தி பிடித்தார்கள். நாளுக்கு ஒருவேளைச் சாப்பாடு என்பதால் தட்டில் மிச்சம் விழவில்லை. கொல்லையில் குட்டி போட்டிருந்த நாய்க்குப் பால் வற்றிவிட்டது. மூன்று குட்டிகளும் பசியில் கத்திக்கொண்டே இருந்தன.

ஒரு வெள்ளிக்கிழமை காலை வீட்டுப் பூனை கொல்லைக்கு வந்தது.

“நானும் ஒருசந்திதான். காலைப் பாலை ஆண்டவருக்குன்னு விட்டுட்டேன்” என்றது.

“பெரிய மனசு அக்கா உங்களுக்கு. விட்ட பால் எங்கே இருக்கு?” என்று கேட்டது நாய்.

“அடுப்படி வாசல்ல, என் கிண்ணத்துலதான். சாயங்காலப் பாலோட சேர்த்துக் குடிச்சுக்குவேன்.”

நாய் குட்டிகளைப் பார்த்தது.

மாலையில் வீட்டார் சிலுவைப்பாதை செபத்துக்குக் கோயிலுக்குப் போய்விட்டார்கள். பசி தாங்காமல் பூனை கிண்ணத்தைத் தேடிப் போனது. கிண்ணம் துடைத்ததுபோல் இருந்தது. கொல்லையில் மூன்று குட்டிகளும் வயிறு நிறைந்து தூங்கின.

“தவக்காலத்துல திருடலாமாடி?” என்று பூனை சீறியது.

“மெதுவாப் பேசுங்க, பிள்ளைங்க இப்பத்தான் தூங்குச்சு” என்றது நாய். “ஆண்டவருக்குன்னு விட்டுட்டதாச் சொன்னீங்களேக்கா. அது இன்னும் உங்களோடதுன்னு எனக்குத் தெரியாமப் போச்சு.”