ஒரே கையெழுத்து

பெரிய காஞ்சிபுரத்து நெசவாளர் சங்கக் கூடத்தில் பதினொரு மணி வெயில் ரத்தக் குப்பிகளின் மேல் விழுகிறது. பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் நிற்காமல் கேட்கிறது. மேல்கையில் ரப்பர் பட்டை இறுக, காந்தா கையை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். மரபணு ஆய்வுக்கென்று போன வருஷமும் அவளும் காது கேளாத மகளும் ரத்தம் கொடுத்தார்கள். முடிவு என்னவென்று கேட்டால் ஆராய்ச்சி நிலையம் பணம் தரும் அறக்கட்டளையைக் கை காட்டியது, அறக்கட்டளை விதிகளை வகுக்கும் கொள்கைக் குழுவைக் காட்டியது, குழு மறுபடி நிலையத்துக்கே அனுப்பியது. இன்றைய ஒப்புதல் படிவத்தில் அந்த மூன்று இடங்களின் முத்திரைகளுக்கும் கீழே ஒரே பெயர், ஒரே கையெழுத்து. சாயம் ஏறிய விரலை அதன்மேல் ஊன்றுகிறாள்.

“இவரு மூணு எடத்துலயும் இருக்காராப்பா?”

ஊசியோடு நிற்கும் நிலையத்து ஊழியன் உதயகுமார் குனிந்து பார்க்கிறான். “ஆமாம்மா, மூணுலயும் சார்தான்.”

“நல்லதாப் போச்சு. வருஷம் பூரா அலைஞ்சுக்கினு இருந்தேன். ஒரு போன் போதும், போடு.”

“மொதல்ல ரத்தம் குடுத்துடுங்கம்மா, அப்பறம் பேசலாம்.”

காந்தா ரப்பர் பட்டையைத் தானே அவிழ்த்து மேசைமேல் கிடக்கும் அவன் செல்போன் பக்கத்தில் வைக்கிறாள். பின்னால் ரத்தம் கொடுக்க வரிசையில் நின்ற பெண்களும் ஒவ்வொருவராகத் தரையில் உட்காருகிறார்கள்.