கம்பியை விடு

இரும்புக் கம்பி ரீங்கரிக்கத் தொடங்குகிறது. ஒற்றை ஆள் மட்டும் நடக்கக்கூடிய பாறை விளிம்பில், நடப்பவர்கள் விழாமலிருக்க அடித்த கம்பி அது. எனக்கு முன்னால் அக்கா ரோசினா அதை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்திருக்கிறாள். ஜூலை வெயில் அணைந்து, மேகம் ஈயம் போல எங்கள் தலைமேல் இறங்கியிருக்கிறது. மதியத்துக்குள் கம்பிப் பாதையைத் தாண்டிவிடச் சொல்லித்தான் இரவு நாங்கள் தங்கிய மலைக்குடில்காரர் காலையில் எங்களை அனுப்பப் பார்த்தார். நாங்கள் சாவகாசமாக ஆப்பிள் ஸ்ட்ரூடல் என்ற இனிப்புப் பலகாரத்தில் இன்னொரு துண்டு கேட்டோம். இப்போது அக்காவின் முடி, காற்றில் ஏறிய மின்சாரத்தில், தொப்பிக்கு வெளியே குத்திட்டு நிற்கிறது. “கம்பியை விடுக்கா! மின்னல் இதுலதான் இறங்கும்.” “விட்டா விழுந்துடுவேன்டி.” “கொஞ்சம் பின்னால வந்தா அகலமான இடம் இருக்கு. என் கையைப் பிடிச்சுக்கோ.” அவள் என் கையைப் பார்க்கிறாள். “இந்தக் கையை நம்பியாடி வரணும்? இன்னொரு துண்டுன்னு கேட்ட வாய் எங்க போச்சு?” சிரிக்கப் பார்க்கிறாள், உதடு கோணுகிறது. கீழே பனியாறு உருகி ஓடும் சத்தம்கூட இந்த ரீங்காரத்தில் கேட்கவில்லை. அவள் விரல்கள் ஒவ்வொன்றாகக் கம்பியிலிருந்து பிரிகின்றன. ஈரமான உள்ளங்கை என் கைக்குள் வந்து சேர்கிறது. கம்பியின் குரல் இன்னும் உயர்கிறது. அக்கா என்னைப் பிடித்திருக்கிறாள். நான் வேறு எதையும் பிடித்திருக்கவில்லை.