மூன்றாவது அலசல்

ஏரித் தண்ணீரைச் சோதனைக்கு எடுத்துப்போகும் பாட்டில் மாதம் ஒருமுறை வரும். ஏரியைவிட்டுப் பக்கத்துக் குட்டைக்குக் குடிபோயிருந்த தவளை கரைக்கு ஓடிவரும்.

"அண்ணே, முடிவு வந்துச்சா? வீட்டுக்குப் போகலாமா?"

"இன்னும் விஷம்தான் தங்கச்சி. இறங்கிடாதே."

"போன மாசமும் இதையேதான் சொன்னீங்க. நீங்க மட்டும் முங்கி முங்கிக் குளிக்கிறீங்க!"

"எனக்குத் தோலா இருக்கு? நீ மூச்சு விடுறதே தோலாலதானே."

தவளை பாட்டிலின் பக்கம் ஒரு தத்து தத்தியது.

"சோதனைக்குத் தண்ணி எடுக்கும் முன்னாடி உங்களை மூணு தடவை அலசிக் கொட்டுவாங்களே. ஒரு தடவை இந்தப் பக்கமாச் சாயுங்களேன்."

மூன்றாவது அலசலில், தண்ணீர் எடுக்க வந்தவரின் ஈரக் கையிலிருந்து பாட்டில் நழுவியது. ஒரு கையளவு ஏரி கரையில் சிதறியது.

தவளை அதைத் தொடவில்லை. ஈரம் காயும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது.