பத்து விரல், பத்து நிறம்

"என்ன கோலம் இது?"

மேனேஜரம்மா அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பத்து விரலிலும் நெயில் பாலிஷ். அதுவும் விரலுக்கு ஒரு நிறம். கத்தரிக்காய் ஊதாவில் பொன் துகள், மயில் கழுத்துப் பச்சை, உலர்ந்த திராட்சைக் கறுப்பில் செம்பு மினுக்கல். விரலை லேசாக அசைத்தாலே ஒவ்வொன்றும் ஒரு தினுசாக மின்னியது.

"இலையுதிர் காலத்துக்குன்னு புதுசா வந்திருக்கு மேடம். ஒரு பொண்ணு வீட்லயே கலந்து விக்கிறா. போட்டுப் பார்க்கறதுக்குன்னு குட்டிக் குட்டி பாட்டில்."

"போட்டுப் பார்க்க இன்னிக்குத்தான் நாள் கிடைச்சுதா? முதலாளி பேசப் போறார்."

அந்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் மேனேஜரம்மாவுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். அது அவளுக்கும் தெரியும். அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அங்கே பேக்கிங் பிரிவில் ஆறு பேருக்குக் காது கேட்காது. அன்றாடம் வேலையிடத்தில் பேசுவதையும், ஆண்டுக் கூட்டத்தில் மேடையோரம் நின்று முதலாளி பேசுவதையும் அவர்களுக்குச் சைகையில் சொல்வதுதான் இந்த மொழிபெயர்ப்புப் பெண்ணின் வேலை. அந்த வேலைக்கு நகம் பளிச்சென்று இருக்கக் கூடாது. பார்க்கிறவர் கண் சைகையை விட்டுவிட்டு நகத்துக்குப் போய்விடும். மேனேஜரம்மா அதை விதியாகவே எழுதி ஒட்டியிருந்தாள்.

"போய் அழிச்சுட்டு வா."

"அழிக்கிற மருந்து கொண்டு வரலை மேடம்."

அதற்குள் மைக் கீச்சிட்டது. முதலாளி தொண்டையைக் கனைத்தார்.

"சரி, போய் நில்லு. கூட்டம் முடியட்டும், வேற ஆள் பார்த்துக்கறேன்."

பெண்ணுக்கு முகம் வாடிவிட்டது. மாதாமாதம் நிச்சயமாக வருமானம் தருவது இந்த ஒரு வேலைதான். மேடையேறினாள்.

முதலாளி எழுதிக்கொண்டு வந்ததைத் தலை நிமிராமல் வாசிப்பவர். போன வருஷப் பேச்சுக்கும் இந்த வருஷப் பேச்சுக்கும் அதிக வித்தியாசம் இருக்காது என்று எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. கணக்குப் பிரிவு கண்ணைத் திறந்துகொண்டே தூங்கியது. டெலிவரி ஆட்கள் மடியில் போனை வைத்துக்கொண்டு குனிந்தே இருந்தார்கள்.

முன்வரிசை ஆறு பேர் மட்டும் மொழிபெயர்ப்புப் பெண்ணின் கையைக் கண் கொட்டாமல் பார்த்தார்கள். நடுநடுவே ஒருவரையொருவர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருத்தியான பேக்கிங் அக்கா தன் மோதிர விரலைத் தொட்டுக் காட்டி, 'எனக்கு அது' என்பதுபோலத் தலையாட்டினாள்.

மேனேஜரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர்கள் பேச்சையா கவனிக்கிறார்கள்? யார் எந்த விரலைப் பார்த்தார்கள், யார் எப்போது சிரித்தார்கள் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே மனசில் குறித்துக்கொண்டாள். வேறு எதுவும் அவள் காதில் விழவில்லை. முன்னால் யாரோ கை தட்ட, கூட்டமே தட்டியது. அவளும் தட்டினாள்.

கூட்டம் கலைந்ததும் நேரே மேடைப் படிக்குப் போய் நின்றாள். "நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்."

சொல்லி வாய் மூடவில்லை, பேக்கிங் அக்கா குறுக்கே வந்து நின்றாள். பின்னாலேயே மற்ற ஐந்து பேரும். அக்காவின் கைகள் படபடவென்று பேசின.

"என்ன சொல்றாங்க?"

"அதை நானே எப்படி மேடம் சொல்றது?"

"ஒரு வார்த்தை விடாம அப்படியே சொல்லு. அதுக்குத்தானே நீ இருக்கே."

பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "'இந்தப் பொண்ணு மேல தப்பில்ல. நாங்கதான் போட்டுக்கிட்டு வரச் சொன்னோம். உங்களுக்குப் பேச்சு போரடிச்சா எங்க வேணா பார்க்கலாம். போனைப் பார்க்கலாம், கண்ணைக்கூட மூடிக்கலாம். காது கேட்டுக்கிட்டிருக்குன்னு பேர் பண்ணிக்கலாம். எங்களுக்கு அது முடியுமா? ஆரம்பத்திலேர்ந்து கடைசி வரைக்கும் இந்தக் கையைத்தான் பார்த்தாகணும். எப்படியும் பார்க்கப் போற கை. அதுல போட்டுப் பார்த்தா, நாங்க எந்தக் கலர் வாங்கறதுன்னும் தெரிஞ்சுடும்ல.'"

"இவளுக்குப் புத்தி எங்க போச்சு?"

"'மாட்டேன்னுதான் சொல்லுச்சு. வேலை போயிடும்னு பயந்துச்சு. நாங்க கெஞ்சினோம். எங்களுக்காகப் போட்டுக்கிச்சு. ரொம்ப நல்ல பொண்ணு.'" தன்னைப் பற்றித் தானே இதைச் சொல்ல வேண்டி வந்ததில் பெண்ணுக்குக் காது வரைக்கும் சிவந்துவிட்டது.

மேனேஜரம்மாவுக்கே ஒரு கணம் மனசு இளகியது. ஆனால் எல்லோரும் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். எப்படி விட்டுக்கொடுப்பது?

"அதெல்லாம் இருக்கட்டும். நகத்தையே பார்த்துட்டிருந்தா பேச்சு எப்படிப் புரிஞ்சிருக்கும்? முதலாளி என்ன சொன்னார்னு சொல்லச் சொல்லு. ஒண்ணு விட்டாலும் உனக்கு இங்க வேலை கிடையாது."

பேக்கிங் அக்கா சாவகாசமாக விரல்விட்டு எண்ண ஆரம்பித்தாள்.

"'புது மெஷின் வருது. கேன்டீன் கூரை ஒழுகறதைச் சரி பண்றாங்க. இனிமே சனிக்கிழமை அரை நாள்தான் வேலை.'"

"சனிக்கிழமை அரை நாளா?"

மேனேஜரம்மா கணக்குப் பிரிவைப் பார்த்தாள். கணக்குப் பிரிவு டெலிவரி ஆட்களைப் பார்த்தது. அவர்கள் முகத்திலும் அப்போதுதான் விடிந்தது.

அக்காவின் கை நிற்கவில்லை. ஆனால் மொழிபெயர்ப்புப் பெண்ணின் குரல் நின்றுவிட்டது.

"ஏன் நிறுத்திட்டே? கடைசியா என்ன சொன்னாராம்?"

"வேண்டாம் மேடம்."

"சொல்லுன்னா சொல்லு."

பெண் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"'ஒரு சின்ன விஷயம்கூடக் கண்ணுக்கும் காதுக்கும் தப்பாம கவனிக்கிறவங்க நம்ம மேனேஜரம்மா, அவங்க எழுந்து நிக்கட்டும், எல்லாரும் கை தட்டுங்கன்னு சொன்னார். நீங்க எழுந்திருக்கலை. உக்காந்தபடியே நீங்களும் கை தட்டினீங்க.'"