வெற்றுத் தாளில் கையெழுத்து

உடனிருந்தவர்கள்: இன்ஸ்பெக்டர் தங்கமாரியப்பன், ஏட்டு ஜெசிந்தா, துப்பறியும் நாவல்கள் எழுதித் தோற்ற நான், சுவரில் நீதிமன்றத்தின் இயந்திரம்.

ஸ்டேஷன் கொடுக்கும் தாளைப் படித்து, நம்பும்படி இருந்தால் இயந்திரமே லாக்கப்பைப் பூட்டிவிடும். நம்பும்படி எழுதத்தான் என்னை வேலைக்கு வைத்திருந்தார்கள். “முழுக் கைரேகை கெடச்சதுன்னு எழுதாதய்யா, மெஷின் நம்பாது. பாதி அழிஞ்சிருக்கணும்” என்று சொல்லிக்கொடுத்தவர் தங்கமாரியப்பன்தான். நேரம் மிச்சமாகும் என்று காலையிலேயே பத்து வெற்றுத் தாள்களில் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

ஆறு வருடங்களுக்கு முன் என் தம்பி செங்கதிரை அடித்து, அவனிடமும் வெற்றுத் தாளில்தான் கையெழுத்து வாங்கினார். அடகுக்கடைக்காரரைக் கொன்றதாக அதில் நிரப்பிக்கொண்டார். தம்பி சிறையிலேயே செத்தான். இவருக்கு அவன் பெயர்கூட நினைவில்லை.

மதியம் சாப்பிட்டதும் காலி லாக்கப்பில் படுப்பது அவர் வழக்கம். ஸ்டேஷனில் அங்கேதான் குளிர்ச்சி.

“இன்னைக்கு என்னய்யா கதை?” என்று உள்ளே போகும்போது கேட்டார்.

“பழைய அடகுக்கடைக் கொலை சார். செஞ்சவரே ஒத்துக்கிட்டு எழுதிக் கொடுத்திருக்காரு.”

“ரேகை?”

“பாதிதான் சார். உங்க டீ கிளாஸ்ல எடுத்தது.”

சிரித்தபடி படுத்தார்.

அவர் கையெழுத்துக்கு மேல் நான் எழுதியிருந்ததை ஜெசிந்தா முழுவதும் படித்தாள். லாக்கப்பைத் திரும்பிப் பார்த்தாள்.

“தேதிய விட்டுட்டீங்கண்ணே” என்று பேனாவை நீட்டினாள்.

தேதியைப் போட்டு, தாளை இயந்திரத்தில் வைத்தேன். லாக்கப் கதவு மூடிக்கொண்டது. பூட்டு விழுந்தது.