பட்டியலில் மூன்றாவது இடம்

"என் வீட்டுக்காரர் பேரு இருக்கிற இடத்தை மாத்தணும் சார்."

மூணாவது தடவையாக வந்து நிற்கிறார் அந்த அம்மா. எனக்கு வந்ததே கோபம்.

பணியில் உயிர்விட்ட போலீஸ்காரர்களுக்கும் தீயணைப்பு வீரர்களுக்கும் நினைவுப் பூங்கா கட்டுகிறோம். நடுவில் ஆளுயரக் கருங்கல். அதில் முப்பத்தேழு பெயர்கள், பதவி வரிசைப்படி. பட்டியல் போடும் வேலை என் தலையில் விழுந்தது. என் போதாத காலம்.

பட்டியலை ஒட்டிய நாளிலிருந்து நிம்மதி போச்சு. "எங்க அண்ணன் அஞ்சாவதா?" என்று ஒருத்தர் மேஜையைத் தட்டினார். "எங்க மாமாதான் சர்வீஸ்ல சீனியர்" என்று இன்னொருத்தர். "கீழே போட்டா யார் கண்ணுல படும்?" என்று ஒரு மருமகன் என் மேலதிகாரி வரைக்கும் போய்விட்டார்.

இந்த அம்மாவின் கணவர் தீயணைப்பு நிலைய அதிகாரி. அவர் பெயர் மூன்றாவது. அதற்கு மேலே இருப்பது ரெண்டே பேர். அந்த இடமும் வேணும் போலிருக்கு.

"கல் செதுக்கறவர் வெளியே உளியோட உட்கார்ந்திருக்கார். இன்னும் அரைமணியில ஆரம்பிச்சிடுவார். இப்பப் போய் வந்து நிக்கறீங்களேம்மா?"

"அதனாலதான் சார் ஓடி வந்தேன். கல்லுல ஏறிட்டா அப்புறம் மாத்த முடியாதே."

"மூணாவது இடம் கொடுத்தும் திருப்தி இல்லையா? உயிரைக் கொடுத்தவங்கள்ல உசத்தி, தாழ்த்தி உண்டாம்மா?"

பதவி பார்த்து வரிசை போட்டவன் நான்தான். இருந்தும் வாய் சும்மா இருக்கவில்லை.

அந்த அம்மா கோபப்படவில்லை. "நான் கொடுத்த மனுவைப் படிச்சீங்களா சார்?"

படிக்கவில்லை. முதல் தடவை வந்தபோது வாங்கி டிரேயில் போட்டது. எல்லாரும் பாடுகிற அதே பாட்டுத்தானே என்று விட்டுவிட்டேன். மனுக்குவியலின் அடியிலிருந்து உருவி எடுத்துப் பிரித்தேன்.

ஒரே வரி. 'என் கணவரின் பெயரைக் கடைசியில் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.'

எனக்குச் சுருக்கென்றது. "கடைசியிலயா? ஏம்மா?"

"இருபத்திரண்டு வருஷ சர்வீஸ் சார். எந்தத் தீயா இருந்தாலும் வாசல்ல நின்னு, தன் ஆளுங்களை ஒவ்வொருத்தரா எண்ணி வெளியே அனுப்பிட்டுத்தான் அவர் வருவார். எனக்குச் சோறு ஆறிப்போகும், திட்டுவேன். 'நான்தானே கடைசி ஆள்'னு சிரிப்பார். அன்னைக்கும் ஆறு பேரை எண்ணி அனுப்பிட்டார். அவர் காலை எடுத்து வைக்கறதுக்குள்ள கூரை இறங்கிடுச்சு."

சொல்லி முடிக்கும்வரை அந்த அம்மாவின் தலை நிமிர்ந்தே இருந்தது.

நான் சிவப்புப் பேனாவை எடுத்தேன். விதியாவது ஒண்ணாவது. மூன்றாவது பெயரை அடித்து, முப்பத்தேழாவதாக எழுதினேன். எழுதிய பிறகும் மனசு கேட்கவில்லை.

"வர்றவங்க அவரை ஏதோ சின்ன வேலையில இருந்தவர்னு நினைச்சிடுவாங்களேம்மா?"

"நினைக்கட்டும் சார். அந்த ஆறு பேரும் பூங்காவுக்கு வருவாங்க. வந்தா, அவர் பேரைக் கடைசியிலதான் தேடுவாங்க."