போகலெச் வீட்டுக் காப்பி

ஒரு ஊரில் ரெண்டு வீடு. ரெண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே காப்பிப் பானை. ஊர், காப்பி விளையும் ஜிம்மா. பானை போகலெச்சுடையது. தினமும் மதியம் பக்கத்து வீட்டு அஸ்கலே வந்து உட்கார்ந்தால்தான் அந்தப் பானை அடுப்பேறும்.

அன்று அஸ்கலே ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்தாள். மகள் மெஸ்கெரம் கொதித்துக்கொண்டிருந்தாள்.

"வயித்தோட உட்சுவர்ல மொட்டு மொட்டா முளைச்சிருக்காம்! நல்லவேளை, கெட்ட கட்டி இல்லையாம். வருஷக்கணக்கா அமிலத்தை அடக்குற மாத்திரை போட்டதால வந்ததாம். யாரைக் கேட்டும்மா இத்தனை நாள் முழுங்கினே?"

"மருந்துக்கடைக்காரனைக் கேட்டுத்தான்."

"இனிமே கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணுமாம். சட்டுனு விட்டா அமிலம் முன்னைவிட வேகமா சுரக்குமாம்."

"அமிலமாவது ஒண்ணாவது! ஒரு நாள் மாத்திரையை மறந்துட்டு போகலெச் காப்பியைக் குடிச்சா நெஞ்சு பத்தி எரியுது. எல்லாம் அந்தக் காப்பிதான்."

"அப்ப காப்பியை விடு."

"நல்லா சொன்னே போ! அவ புருஷன் போனதுலேருந்து அந்தப் படியேறுறவ நான் ஒருத்திதான். நம்ம வழக்கப்படி மூணு கோப்பை குடிக்கணும்; மூணாவது கோப்பை ஆசீர்வாதம்டி. அதுக்கு முன்னால எழுந்திரிச்சாலே அவ முகம் வாடிடும். வரவே இல்லைன்னா?" அஸ்கலே குரலைத் தாழ்த்தினாள். "இத்தனைக்கும் இப்பல்லாம் ஒரே சப்பு. காப்பிக் கொட்டையில கஞ்சத்தனம் பண்றா, மகராசி."

மெஸ்கெரம் விறுவிறுவென்று பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

"பெரியம்மா, இனிமே எங்கம்மாவைக் காப்பிக்குக் கூப்பிடாதீங்க. உங்களுக்குக் காப்பி இல்லாட்டி தலை வெடிச்சிரும்னு ஊருக்கே தெரியும். அதுக்கு எங்கம்மா வயித்தைக் கெடுத்துக்கணுமா?"

போகலெச் கோபப்படவில்லை. ஒரு கோப்பையில் ஊற்றி நீட்டினாள்.

"முதல்ல இதைக் குடி. அப்புறம் திட்டு."

மெஸ்கெரம் ஒரு வாய் உறிஞ்சினாள். முகம் சுருங்கியது.

"இது காப்பியே இல்லையே!"

"வறுத்த பார்லி."

"என்னது?"

"உங்கம்மா திரும்பி உக்காந்து மாத்திரையை வாயில போடறதை ரெண்டு வருஷத்துக்கு முன்னால பாத்துட்டேன். வாசனைக்காக அவ முன்னால ஒரு பிடி கொட்டையை வறுப்பேன். இடிக்க உள்ள போறப்ப மாத்திருவேன்."

மெஸ்கெரம் கோப்பையைக் கீழே வைத்தாள். ரெண்டு வருஷமாகக் காப்பியே இல்லை என்றால், மாத்திரை மறந்த நாளில் எரிந்தது எதனால்? டாக்டர் சொன்னது அப்போதுதான் உறைத்தது. காப்பிக்குப் பயந்து மாத்திரை; மாத்திரையை விட்டால் எரிச்சல்; அந்தப் பழி காப்பி மேல்.

"அம்மாகிட்ட சொல்லியிருக்கலாமே, பெரியம்மா! மாத்திரையை எப்பவோ குறைச்சிருப்பாங்களே!"

"அது எனக்குத் தெரியாதே, கண்ணு. காப்பிதான் ஆகலைன்னு நினைச்சேன். சொன்னா, 'எனக்காக நீ ஏன்டி பார்லி குடிக்கிறே'ன்னு மறுபடி காப்பியே வைக்கச் சொல்லுவா. மாத்திரையைப் பத்தி டாக்டர் சொன்னதை நீ சொல்லு. குறைக்கட்டும். பார்லியைப் பத்தி மட்டும் மூச்சு விடாதே. என்னைக் கஞ்சம்னு திட்டிக்கிட்டே வந்து குடிக்கட்டும்."

மெஸ்கெரம் வாசல்வரை போய்த் திரும்பினாள்.

"அது சரி பெரியம்மா, உங்க காப்பியை எப்ப குடிப்பீங்க?"

"அவ இல்லாம நான் என்னைக்குத் தனியா குடிச்சிருக்கேன்? பானை ஒண்ணுதானே. அவளுக்கு ஊத்துறதுதான் எனக்கும்."

மெஸ்கெரம் படியிறங்கிப் போனாள்.